விசைப் பாடம்: தொடக்கப் பள்ளியில் முதல் தடவை எடுக்கப் போகிறவர்களுக்கு

வேலையில் சேர்ந்த முதல் வருடம் விசைப் பாடத்தை நான் எப்படி எடுத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பலகையில் 'தள்ளுதல் அல்லது இழுத்தலே விசை' என்று எழுதினேன். பிள்ளைகள் மூன்று முறை சத்தமாகச் சொன்னார்கள், நோட்டில் எழுதினார்கள், அடுத்த நாள் கேட்டபோது ஒருத்தர் விடாமல் ஒப்பித்தார்கள். அன்று சாயங்காலம் மைதானத்தில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் உதைத்த பந்து உருண்டுபோய் வேலியோரம் நின்றது. "ஏன்டா நின்னுச்சு?" என்று கேட்டேன். "அதுல இருந்த விசை தீர்ந்துபோச்சு டீச்சர்" என்றான், வண்டியில் பெட்ரோல் தீர்ந்ததைச் சொல்வது போல. காலையில் எல்லோரையும் விடச் சத்தமாக ஒப்பித்தவன் அவன்தான்.

அவன் சொன்னதை மடத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும் என்றுதான் அரிஸ்டாட்டில் நினைத்தார். எறிந்த பொருளுக்குள் ஏதோ ஒன்று ஏறிக்கொள்கிறது, அது தீரத் தீரப் பொருள் நின்றுவிடுகிறது என்று அவருக்குப் பின்னால் வந்த அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். கலிலியோ வந்து அதை அசைத்து, 1687இல் நியூட்டனின் புத்தகம் வெளிவந்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. ஒன்பது வயதுப் பிள்ளை அதே இடத்தில் நிற்கிறது என்றால், தன் கண்ணால் பார்த்ததை வைத்து யோசித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த யோசனையை வெளியே வரவைத்து, கையால் சோதிக்க வைத்து, பிள்ளையே அதை மாற்றிக்கொள்ளும்படி செய்வதுதான் நம் வேலை. அதனால் நான் இப்போது எல்லாப் பாடவேளையிலும் ஒரே வரிசையைத்தான் வைத்துக்கொள்கிறேன்: என்ன நடக்கும் என்று முதலில் சொல்லச் சொல்வது, அப்புறம் செய்வது, அப்புறம் பேசுவது. வரையறை கடைசியில் வந்தால் போதும்.

பள்ளி ஆசிரியர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் இல்லம் தேடிக் கல்வி மாதிரியான மாலை மையங்களில் சொல்லித்தருபவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். நாற்பது நிமிடப் பாடவேளை ஆறு இருந்தால் தாராளம், நான்கில் கூட முடிக்கலாம்.

முந்தைய நாள்: ஒரு அட்டைப் பெட்டி

எதையும் கடையில் தேடி வாங்க வேண்டாம். ஒரு பொம்மை கார் (சக்கரம் நன்றாகச் சுழல வேண்டும், சாவி கொடுத்து ஓடுவது வேண்டாம்), ஒன்றரை அடி நீளப் பலகை, ஒரு பழைய சாக்கு, துணி, கொஞ்சம் மணல், ரப்பர் பேண்டுகள், நூல், காகித டீ கப், கோலிக்குண்டுகள், ஒரே மாதிரி இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு வாளி, களிமண், எவர்சில்வர் டம்ளர், அப்புறம் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம். ரேடியோ பழுது பார்க்கும் கடையில் கேட்டால் அந்தக் காந்தத்தைச் சும்மாவே கொடுப்பார்கள். பாதிப் பொருளைப் பிள்ளைகளையே கொண்டுவரச் சொல்லுங்கள், தன் கோலிக்குண்டு வகுப்பில் பயன்படுகிறது என்றால் அந்தப் பிள்ளை அன்றைக்கு லீவு போடாது.

முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்யுங்கள்

இதைப் பலரும் கவனிப்பதில்லை. 'விசை' என்ற சொல் பிள்ளைக்குப் புதிதல்ல, வேறு அர்த்தத்தில் ஏற்கெனவே தெரியும். பல வீடுகளில் 'விசையா ஓடு' என்றால் வேகமாக ஓடு. விசைத்தறி, விசைப்படகு என்றால் மோட்டார் வைத்தது. விசைப்பலகை கணினியில் இருப்பது. ஆக 'விசை' என்று நீங்கள் சொன்னதும் ஒரு பிள்ளை வேகத்தை நினைக்கும், இன்னொன்று மோட்டாரை நினைக்கும், மூன்றாவது பலம், சக்தி என்று எடுத்துக்கொள்ளும். வேகமாகப் போகிற பொருளுக்குள் விசை நிறைய இருக்கிறது என்ற எண்ணம் வருவதற்கு இந்தச் சொல்லே பாதிக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் முதல் நாள் அந்தச் சொல்லைச் சொல்லவே சொல்லாதீர்கள். வினைச்சொற்களை மட்டும் சேகரியுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கு வரும் வரை கையும் காலும் என்னென்ன செய்தன என்று கேளுங்கள். தள்ளினேன், இழுத்தேன், உருட்டினேன், பிழிந்தேன், முறுக்கினேன், மிதித்தேன், உதைத்தேன், எறிந்தேன், தூக்கினேன், அமுக்கினேன், அரைத்தேன் என்று வந்துகொண்டே இருக்கும், தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. எல்லாவற்றையும் பலகையில் எழுதி, 'எது தள்ளுவது, எது இழுப்பது?' என்று பிரிக்கச் சொல்லுங்கள். 'தூக்குவது' எந்தப் பக்கம் என்று சண்டை வரும். வாளியைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் இழுப்பது, தம்பியை அடியில் கை கொடுத்துத் தூக்கினால் தள்ளுவது. துணியைப் பிழிவதில் இரண்டு கையும் எதிரெதிராகத் திருகுகின்றன. இந்தச் சண்டையை அவசரப்பட்டுத் தீர்த்து வைக்காதீர்கள், எழுந்துவந்து செய்து காட்டச் சொல்லுங்கள். பாடவேளை முடியும்போது, இத்தனைக்கும் பொதுவாக அறிவியலில் வைத்த பெயர்தான் விசை என்று சொல்லி, வீட்டில் சொல்கிற 'விசையா' என்பது வேகம், இது வேறு என்று ஒரே ஒரு முறை தெளிவாகப் பிரித்துவிட்டால் போதும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: விசை ஒரு பொருளுக்குள் இருப்பதல்ல, ஒன்று இன்னொன்றின் மேல் செய்வது. 'எது எதைத் தள்ளுகிறது?' என்ற கேள்வியை இனி வரும் எல்லா நாளும் கேட்டுக்கொண்டே இருங்கள்.

சுவரைத் தள்ளும் நாள்

இரண்டாம் நாள் எல்லோரையும் சுவர்ப் பக்கம் நிறுத்தித் தள்ளச் சொல்லுங்கள். "செவுரு நகரவே இல்லையே, அப்ப விசை இல்லதானே?" என்று நிச்சயம் ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள். உன் கை வலித்ததா, உள்ளங்கை சிவந்ததா என்று கேளுங்கள். பிறகு இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துச் சமமாகத் தள்ளச் சொல்லுங்கள், இருவரும் நகரவில்லை, ஆனால் இருவரும் தள்ளுவது எல்லோருக்கும் தெரிகிறது. கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு நடுவில் அசையாமல் நிற்கிற அந்த நேரமும் இதுதான்.

இதில் அடுத்த படி கொஞ்சம் கடினம், ஆனால் விட்டுவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையில் நான்கு புத்தகங்களை வையுங்கள். ஒரு நிமிடத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். புத்தகத்தைக் கீழே விடாமல் தாங்குவது எது? கை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. இப்போது அதே புத்தகங்களை மேசை மேல் வைத்துவிட்டு, உன் கை செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். மேசை தள்ளுகிறது என்பதைப் பிள்ளைகள் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. மெல்லிய பலகையை இரண்டு பெஞ்சுக்கு நடுவே பாலம் மாதிரி போட்டு அதன் மேல் புத்தகங்களை அடுக்கினால் பலகை வளைவது தெரியும், எடுத்தால் நிமிர்ந்துவிடும். மேசையும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து, பதிலுக்குத் தள்ளுகிறது.

காரை உருட்டும் நாட்கள்: இதற்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள்

உராய்வுக்காக இந்தச் சோதனையைச் செய்கிறோம். ஆனால் சோதனை என்றால் என்ன என்று பிள்ளை கற்றுக்கொள்வதும் இங்கேதான், அதனால் இதில் நிதானமாக இருங்கள்.

இரண்டு புத்தகங்களின் மேல் பலகையின் ஒரு முனையை வைத்துச் சரிவு அமையுங்கள். காரை மேல் முனையில் பிடித்து விட வேண்டும், தள்ளக் கூடாது. முதலில் வெறும் சிமெண்டுத் தரை, அடுத்து சாக்கு, அடுத்து துணி, கடைசியில் மணல். ஒவ்வொரு தடவையும் விடுவதற்கு முன், கார் எங்கே நிற்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரின் முதல் எழுத்தைச் சாக்பீஸால் தரையில் எழுதட்டும் (சாக்கு, துணி, மணல் என்றால் பக்கத்துத் தரையில்). அந்த ஒரு எழுத்து செய்கிற வேலை பெரியது, தன் கணிப்பைத் தரையில் வைத்துவிட்ட பிள்ளை முடிவைப் பார்க்காமல் கண்ணை எடுக்காது.

நியாயமான சோதனை என்றால் என்ன என்று விளக்க நான் நிறைய வார்த்தைகளைச் செலவழித்திருக்கிறேன். இப்போது ஒரே வார்த்தைதான்: அழுகுணி ஆட்டம். ஒரு தடவை காரைப் பாதிச் சரிவிலிருந்தும் இன்னொரு தடவை உச்சியிலிருந்தும் விட்டால் அது அழுகுணி ஆட்டம். சிமெண்டில் ஒரு கார், சாக்கில் வேறு கார் என்றால் அதுவும் அழுகுணி ஆட்டம். தரையை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இதைச் சொன்ன ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளே நடுவர் ஆகிவிடுவார்கள், "டேய், நீ தள்ளிட்ட, திரும்ப விடு" என்ற சத்தம் கேட்கும்.

முதலில் சாணாலும் முழத்தாலும் அளக்க விடுங்கள். ஒரே தூரம் ஒருத்திக்கு ஏழு சாண், இன்னொருத்திக்கு எட்டு சாண் என்று வந்து அவர்களே அடிக்கோலைக் கேட்பார்கள். ஒவ்வொரு தரையிலும் மூன்று தடவை விட்டு மூன்று எண்களையும் எழுதி நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரி கண்டுபிடிக்க இன்னும் பழகாத வகுப்புக்கு இதுவே போதும்.

முடிந்ததும் என் பழைய கேள்விக்கு வாருங்கள். ஒரே உயரத்திலிருந்து விட்ட ஒரே கார், சிமெண்டில் வெகுதூரம் போனது, மணலில் உடனே நின்றுவிட்டது. காருக்குள் இருக்கும் ஏதோ ஒன்று தீர்ந்துதான் நிற்கிறது என்றால் எல்லாத் தரையிலும் ஒரே தூரம்தானே போயிருக்க வேண்டும்? இந்த இடத்தில் அவசரப்பட்டு நீங்கள் பதிலைச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. "தரைதான் பிடிச்சு நிறுத்துது" என்று ஒரு பிள்ளை வாயிலிருந்து வரட்டும். வந்ததும், அப்படிப் பிடிப்பதன் பெயர் உராய்வு விசை என்று எழுதுங்கள். கேரம் போர்டு இருந்தால் பவுடர் போடாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை சுண்டிப் பார்க்கலாம். பிடிப்பதற்கு எதுவுமே இல்லையென்றால் காய் என்ன ஆகும் என்று கேட்டால், நின்னா நிக்கும், போனா போயிட்டே இருக்கும் என்று சொல்கிற பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். அது நியூட்டனின் முதல் விதி. அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம், அந்தப் பிள்ளையை மட்டும் நன்றாகப் பாராட்டுங்கள்.

உராய்வு கெட்டது என்ற எண்ணத்தோடு விட்டுவிடாதீர்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பாட்டில் மூடியைத் திறக்கச் சொன்னால் அது இல்லாவிட்டால் என்ன பாடு என்று தெரிந்துவிடும். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விடுகிறோம், ஆனால் கயிறு பிடிக்கும் கையில் எண்ணெய் இருக்கக் கூடாது. ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

ஊரில் தேரோட்டம் உண்டென்றால் அதை விட்டுவிடாதீர்கள், முழுப் பாடமும் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. நிற்கிற தேரைக் கிளப்ப நூற்றுக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறார்கள், ஓட ஆரம்பித்த பிறகு அவ்வளவு பாடு இல்லை, முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து நிறுத்துகிறார்கள், அதே கட்டையால்தான் திருப்பத்தில் தேரைத் திருப்பவும் செய்கிறார்கள். கிளப்புவது, நிறுத்துவது, திசை மாற்றுவது எல்லாம் வந்துவிட்டது. உருவத்தை மாற்றுவது மட்டும் பாக்கி, அதற்குச் சப்பாத்தி மாவு போதும்.

ரப்பர் பேண்டுத் தராசு

சுவரில் ஒரு ஆணி, அதில் ரப்பர் பேண்டு, அதில் நூலால் கட்டிய டீ கப், பின்னால் ஒரு வெள்ளைத் தாள். கப்பில் ஒவ்வொரு கோலியாகப் போட்டு, அடிப்பக்கம் எங்கே வருகிறது என்று தாளில் கோடு போட வேண்டும். விசையைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. கோடுகளுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இருக்காது, ரப்பரின் குணம் அது, பிள்ளை கவனித்துச் சொன்னால் சரிதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பென்றால், 100 கிராம் டீத்தூள் பாக்கெட்டை உள்ளங்கையில் வைத்தால் அது அழுத்துவது ஏறத்தாழ ஒரு நியூட்டன் (விசையை அளக்கும் அலகு) என்று சொல்லலாம். நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே இழுக்காதீர்கள், அதற்கு மேல் வகுப்பு இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ரப்பர் பேண்டு அறுந்தால் கண்ணுக்கு ஆபத்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோக விடாதீர்கள்.

அதே ரப்பர் பேண்டில் கப்புக்குப் பதிலாக ஒரு கருங்கல்லை நூலால் கட்டி, மெதுவாக வாளித் தண்ணீருக்குள் இறக்குங்கள். ரப்பர் சுருங்கும். கருங்கல் தண்ணீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது போலத் தெரியும். கிணற்றில் இறைத்துப் பழகிய வீட்டுப் பிள்ளை உடனே சொல்லும், வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசு, மேலே வந்ததும்தான் கை இழுக்கும் என்று. தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுகிறது என்பதற்குக் காலி டம்ளரைக் கவிழ்க்காமல் நேராகத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கட்டும், கையே சொல்லிவிடும். களிமண் உருண்டை மூழ்கும், அதே களிமண்ணைக் கிண்ணமாகச் செய்தால் மிதக்கும். இதைச் செய்யும்போது தரை ஈரமாகும், மரத்தடிக்குப் போய்விடுங்கள்.

விழுவதைப் பற்றி

கனமானது சீக்கிரம் விழும் என்று வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வார்கள். ஒரு பாட்டிலில் முழுக்கத் தண்ணீர், இன்னொன்றில் பாதி. பெஞ்சு உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் மணலில் விடுங்கள், சத்தம் ஒன்றாகக் கேட்கும். நம்பாமல் நாலைந்து தடவை விடச் சொல்வார்கள், விடுங்கள். அடுத்து ஒரு நோட்டையும் ஒரு தாளையும் தனித்தனியாக விட்டால் தாள் மிதந்து மிதந்து வரும். தாளை நோட்டை விடச் சிறியதாகக் கிழித்து நோட்டின் மேல் வைத்து விட்டால் இரண்டும் ஒன்றாக விழும். காற்றுதான் தாளைத் தாமதப்படுத்தியது என்று இதிலிருந்தே பேச ஆரம்பிக்கலாம். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒன்றாக விட்டார், அங்கே காற்று இல்லாததால் இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. அந்தக் காணொளி கிடைக்கும், கைப்பேசியில் காட்டுங்கள், ஆனால் பாட்டிலை விட்டுப் பார்த்த பிறகு.

காந்தம்

இது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, காந்தத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். தொடாமலேயே இழுக்கும் விசை என்பதை மட்டும் கவனப்படுத்துங்கள். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டும், பித்தளை நிறத்து ஐந்து ரூபாய் ஒட்டாது. எவர்சில்வர் பாத்திரங்களில் சில ஒட்டும், பல ஒட்டாது. உலோகம் எல்லாமே ஒட்டும் என்ற எண்ணம் அதிலேயே போய்விடும். காந்தத்தைக் கைப்பேசி, ஏடிஎம் அட்டை பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

புரிந்ததா என்று பார்ப்பது

'விசை என்றால் என்ன?' என்று கேட்காதீர்கள், ஒப்பித்துவிடுவார்கள். படம் கொடுத்து அம்புக்குறி போடச் சொல்லுங்கள். எது தள்ளுகிறதோ இழுக்கிறதோ அந்த இடத்தில் அம்பு, பெரிய விசைக்கு நீள அம்பு. மேசை மேல் சும்மா இருக்கும் புத்தகம், உருண்டு மெதுவாகிக்கொண்டிருக்கும் பந்து, தண்ணீரில் மிதக்கும் டம்ளர் என்று மூன்று படம் போதும். புத்தகத்துக்கு ஒரு அம்பும் போடாத பிள்ளைக்குச் சுவரைத் தள்ளிய நாள் இன்னொரு முறை தேவை. உருளும் பந்துக்கு முன்பக்கமாக அம்பு போட்டால், பந்துக்குள் விசை இருக்கிறது என்ற பழைய எண்ணம் இன்னும் போகவில்லை. 'அந்த அம்பு யாருடையது, எது தள்ளுகிறது?' என்று கேளுங்கள். கால் தள்ளியது, ஆனால் கால் இப்போது பந்தைத் தொடவில்லையே என்று பிள்ளையே அழித்துவிடும். இந்தத் தவறைப் பெரியவர்களும் செய்கிறோம், மேலே எறிந்த கோலிக்கு மேல்நோக்கி ஒரு அம்பு போடத் தோன்றும், ஆனால் கையை விட்டுப் பிரிந்த பிறகு கையின் விசை கோலி மேல் இல்லை. பாடம் எடுக்கப் போவதற்கு முன் நீங்களே ஒரு தாளில் இதை வரைந்து பார்த்துவிடுங்கள்.

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் இருந்தால் சோதனையைச் சேர்ந்தே செய்யலாம், எழுதுவதில் மட்டும் பிரியுங்கள். சின்னவர்கள் படமும் அம்பும், பெரியவர்கள் அட்டவணையும் இரண்டு வரிக் காரணமும். எழுதத் தடுமாறும் பிள்ளைகள் வாயால் சொல்லட்டும், என் அனுபவத்தில் இந்தப் பாடத்தின் நல்ல பதில்கள் பல அவர்களிடமிருந்துதான் வந்திருக்கின்றன.

எல்லாம் முடிந்ததும் பெட்டியைக் கட்டி வையுங்கள், அடுத்த வருடம் அப்படியே எடுக்கலாம். ரப்பர் பேண்டை மட்டும் ஆணியிலிருந்து கழற்றிவிடுங்கள், கோலிகளோடு தொங்கியே கிடந்தால் அது தளர்ந்துபோய், பிள்ளைகள் போட்ட கோடுகள் எதுவும் பொருந்தாமல் போய்விடும்.